கல்லூரி முடிந்த கையோடு எம்பிஏ-வா, இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகா? டெல்டா மாணவர்களுக்கு ஒரு கணக்கு

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பி.காம். படிக்கிற ஒருவர் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) என்று வாயெடுத்தால் போதும், "எந்த கோச்சிங்ல சேர்றே?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: எப்போது போவது? கடைசி வருடத்திலேயே ஐஐஎம்களின் நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி நேராகச் சேர்வதா, ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிப்பதா, இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவதா, வெளிநாட்டுக் கல்லூரியில் இப்போதே இடம் பிடித்துவைத்துப் பிறகு சேர்வதா? இதைத் தீர்மானித்துவிட்டால் கோச்சிங், செலவு, கடன் எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

எந்த வழியில் போனாலும் மாறாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பெரிய ஐஐஎம்கள் கேட் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அகமதாபாத் ஐஐஎம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றின் மதிப்பெண்ணுக்கும் தனித்தனிப் புள்ளி தருகிறது. பெங்களூரு ஐஐஎம்-மும் இவற்றைக் கணக்கில் எடுக்கிறது. வேலை அனுபவத்துக்கு அங்கே கிடைக்கும் புள்ளி 36 மாதம் வரை ஏறி, அதோடு நின்றுவிடும். பத்தும் பன்னிரண்டும் முடிந்துபோன கதை. முதலாம் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் இருப்பவர்கள் கையில் மிச்சமிருப்பது பட்டத்தின் மதிப்பெண்தான். "கேட்டுக்குப் படிக்கிறேன்" என்று செமஸ்டரைக் கைவிடுகிறவர், பிறகு எத்தனை முறை கேட் எழுதினாலும் மாற்ற முடியாத ஓர் எண்ணைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

கடைசி வருடத்தில் எழுதி நேராகச் சேர்வது

கேட் தேர்வு பெரும்பாலும் நவம்பர் மாதக் கடைசி ஞாயிறு நடக்கும். விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் முடியும். கடைசி வருடம் படிக்கிறவர்களும் எழுதலாம். பட்டத்தில் 50 சதவீதம் தேவை; எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. 2025-ல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 2,600 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் பாதி. மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

தேர்வு இரண்டு மணி நேரம், மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நம் விருப்பப்படி தாவ முடியாது. 2024-ல் மொத்தம் 68 கேள்விகள்: ஆங்கிலத்தில் 24, தரவு-தர்க்கத்தில் 22, கணக்கில் 22. சரியான விடைக்கு 3. தெரிவுக் கேள்வியில் தவறினால் 1 குறையும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்வியில் தவறினால் ஒன்றும் குறையாது. அந்த வருடம் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். அதாவது 99 பெர்சன்டைல் (எழுதியவர்களில் 99 சதவீதம் பேருக்கு மேலே) வாங்கினாலும் உங்களுக்கு முன்னால் கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் நிற்கிறார்கள்.

நேராகச் சேர்வதில் உள்ள லாபம் உண்மையானது. படிக்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை, குடும்பப் பொறுப்பு இன்னும் தலையில் ஏறவில்லை, இருபத்து மூன்று வயதில் எம்பிஏ முடிந்துவிடும். பத்தும் பன்னிரண்டும் பட்டமும் மூன்றும் 85-க்கு மேல் இருந்து, ஆங்கிலம் சரளமாக வாசிக்கிறவர் என்றால் தயங்க வேண்டியதே இல்லை, போகலாம்.

டெல்டாவின் கலை அறிவியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இந்த வழியில் இடறுகிற இடம் வேறு. மூன்றாண்டுப் பட்டத்தில் ஐந்தாம் செமஸ்டர் தேர்வு நவம்பரை ஒட்டி வந்து நிற்கும். மாக் எனும் மாதிரித் தேர்வுகளை வாரம் இரண்டு எழுத வேண்டிய நேரத்தில் இன்டர்னல், ரெக்கார்டு, செமஸ்டர் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே பாடம் படிக்கிற வேலை ஆகஸ்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாக் மட்டும்தான். பின்னோக்கி எண்ணினால், இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கியாக வேண்டும். மூன்றாம் ஆண்டு ஜூனில் தொடங்குகிறவருக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. கணக்குக்கு அது போதலாம், ஆங்கிலத்துக்குப் போதாது.

அரியர் இன்னொரு வில்லங்கம். கடைசி வருட மாணவருக்குக் கிடைப்பது தற்காலிகச் சேர்க்கைதான். ஜூன் 30-க்குள் பட்டத்துக்கான எல்லாத் தேர்வுகளையும் முடித்துவிட்டார் என்று கல்லூரி முதல்வரிடம் சான்று வாங்கித் தர வேண்டும். ஒரே ஒரு தாள் நின்றுபோனாலும் கிடைத்த சீட் கைவிட்டுப் போகும். நாலாவது செமஸ்டர் அரியரை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஒரு வருடம் வீட்டில் இருந்து படிப்பது

இதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கேட் கேட்கும் கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். முழுநாள் படிக்க அதில் அவ்வளவு சரக்கு இல்லை. நேர்முகத்தில் "இந்த ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். வேலைக்கான புள்ளியும் கிடையாது. போதாக்குறைக்கு, தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் "இன்னும் வேலைக்குப் போகலையா தம்பி?" என்று கேட்பது நவம்பருக்குள் ஆளைக் கரைத்துவிடும். உடல்நிலையோ வீட்டுச் சூழலோ வேறு வழியில்லாமல் செய்தால் ஒழிய, வேலையோடு படிப்பதே மேல்.

வேலை பார்த்துவிட்டுப் போவது

டெல்டாவிலிருந்து வரும் பெரும்பாலான மாணவர்களுக்கு, குறிப்பாகத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் குடும்பத்தில் முதல் பட்டதாரிகளுக்கும், இதுவே நல்ல வழி என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம். மூன்று லாபங்கள். ஆங்கிலம் புத்தகத்திலிருந்து இறங்கி வாய்க்கு வருகிறது. நேர்முகத்தில் பேச சொந்த விஷயம் கிடைக்கிறது. கடன் வாங்கும்போது கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது.

மாதக் கணக்கில் பலர் தவறுகிறார்கள். ஜூலை 2026-ல் வேலையில் சேர்ந்து, ஜூன் 2028-ல் இரண்டு வருட அனுபவத்தோடு எம்பிஏ-வில் சேர வேண்டும் என்றால், நவம்பர் 2027-ல் கேட் எழுத வேண்டும். அது வேலையின் 17-ம் மாதம். விண்ணப்பத்தில் எழுதும் அனுபவம் அதற்கும் முன்னால், விண்ணப்பக் காலத்தோடு நின்றுவிடும். அந்தக் கணக்கில் 13 மாதம்தான் வரும். 24 மாதம் காட்ட வேண்டுமென்றால் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். பட்டம் முடிவதற்கு முன்னால் செய்த இன்டர்ன்ஷிப், பகுதிநேர வேலை, புராஜெக்ட் இவை அனுபவத்தில் சேராது.

எந்த வேலை என்பதும் முக்கியம். நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தாலும், இரண்டு வருடம் ஒரே திரையில் ஒரே வேலையைச் செய்தவரால் நேர்முகத்தில் ஐந்து நிமிடம் பேச முடியாது. தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடனும் பயிர்க்கடனும் பார்த்தவர், ஒரு நுண்கடன் நிறுவனத்தில் களப்பணி செய்தவர், திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கொள்முதல் பார்த்தவர் ஆகியோருக்கு முடிவெடுத்த தருணங்கள் இருக்கும். சம்பளம் மூவாயிரம் குறைந்தாலும் முடிவெடுக்க இடம் தரும் வேலையைத் தேர்ந்தெடுங்கள்.

அப்பாவின் அரிசி ஆலையையோ உரக்கடையையோ பார்த்துக்கொள்வதும் அனுபவம்தான். ஆனால் தாள் வேண்டும். மாதச் சம்பளம் வங்கிக் கணக்கு வழியே வர வேண்டும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும், நிறுவனத்தின் ஜிஎஸ்டி பதிவு இருக்க வேண்டும். கல்லாவிலிருந்து எடுத்துச் செலவு செய்த இரண்டு வருடத்தை எந்தக் கல்லூரியிடமும் நிரூபிக்க முடியாது.

ஹைதராபாத், மொஹாலி வளாகங்களில் நடக்கும் ஐஎஸ்பி-யின் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) ஒரு வருட மேலாண்மைப் படிப்புக்கு இரண்டு வருட முழுநேர அனுபவம் கட்டாயம். கேட் தேவையில்லை, வெளிநாட்டுக் கல்லூரிகளும் ஏற்கும் ஜிமேட் (GMAT) அல்லது ஜிஆர்ஈ (GRE) தேர்வு போதும். இரண்டின் மதிப்பெண்ணும் ஐந்து வருடம் செல்லும். கல்லூரியின் கடைசி வருடத்தில், படிக்கிற கை சூடாக இருக்கும்போதே ஜிமேட் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். கட்டணம் இருபதாயிரத்தைத் தாண்டும் என்பதால் பயிற்சித் தேர்வில் இலக்கைத் தொட்ட பிறகே பதிவு செய்யுங்கள். வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதும் வசதி இருந்தாலும், கரன்ட் போய்ப் போய் வருகிற ஊரில் அது வேண்டாம்; சென்னைக்குப் போய் மையத்தில் எழுதுவதே நல்லது.

இப்போதே இடம், பிறகு படிப்பு

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் 2+2 திட்டம் கடைசி வருட மாணவர்களுக்கானது. ஏப்ரல் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்தால் குறைந்தது இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேரலாம். ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன், சிகாகோ பூத் போன்றவையும் இதே போன்ற திட்டங்கள் வைத்திருக்கின்றன. விண்ணப்பத்தில் ஜிமேட்டோ ஜிஆர்ஈ-யோ, கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் ஹார்வர்டில் 75,000 டாலருக்கு மேல். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகிறார்கள்.

திருச்சி என்ஐடி-யிலோ தஞ்சாவூர் சாஸ்த்ராவிலோ படித்து, ஏதோ ஒன்றை உண்மையில் கட்டி நடத்திக் காட்டியவருக்கு இது முயன்று பார்க்கத்தக்க வழி. இங்கே பெரும்பாலும் சறுக்குவது பரிந்துரைக் கடிதத்தில். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று துறைத்தலைவர் எல்லோருக்கும் தரும் கடிதம் உதவாது. உங்கள் வேலையை ஆறு மாதமாவது அருகிலிருந்து பார்த்த ஒருவர், ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை எழுத வேண்டும். அந்த ஆள் யாரென்று இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்தை எல்லா அமெரிக்கப் பள்ளிகளும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதால், பணம் கட்டும் முன் ஒவ்வொரு பள்ளியின் விதியையும் படித்துவிடுங்கள்.

பக்கத்திலேயே இருப்பவை

திருச்சி ஐஐஎம் 2011-ல் தொடங்கியது. புதுக்கோட்டைச் சாலையில் சூரியூரில் வளாகம் இருக்கிறது. திருச்சி என்ஐடி-யின் எம்பிஏ-வுக்கும், 1984-ல் தொடங்கிய பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்துக்கும் கேட் மதிப்பெண் செல்லும். கேட் எழுதுகிற ஒருவர் இந்த மூன்றுக்கும் விண்ணப்பிக்காமல் விடுவது தவறு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் படித்தால் போதும் என்பவருக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு இருக்கிறது. அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத் துறையிலோ இடம் கிடைத்தால் செலவு ஐஐஎம்-மில் ஒரு சிறு பங்குதான். கேட்டுக்குப் படித்தவருக்கு டான்செட்டுக்கென்று பெரிதாகத் தனிப் படிப்பு வேண்டியதில்லை.

ஆக, எங்கள் யோசனை இதுதான். கடைசி வருடத்தில் கேட் எழுதுங்கள், முழு மூச்சோடு எழுதுங்கள். எழுதும் முன்பே ஒரு தாளில் ஐந்தாறு கல்லூரிப் பெயர்களை எழுதி வீட்டில் காட்டிவிடுங்கள்: இவற்றில் கிடைத்தால் சேர்கிறேன், இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறேன். மார்ச்சில், கையில் ஒரு சுமாரான கல்லூரியின் கடிதமும் பத்து நாள் கெடுவும் இருக்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

ஆங்கிலப் பத்தியை உடைப்பது

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். கேட்டின் அமைப்பும் அப்படித்தான் கறாரானது. ஐஐஎம்கள் மொத்தத்துக்கு மட்டுமல்லாமல் மூன்று பகுதிக்கும் தனித்தனிக் கட்-ஆஃப் வைக்கின்றன. கணக்கில் 99 வாங்கியவர் ஆங்கிலத்தில் 65-ல் நின்றால் பெரிய கல்லூரிகளிலிருந்து நேர்முக அழைப்பு வராது. டெல்டா மாணவர்கள் பலருக்குக் கதவு அடைபடுவது இந்த இடத்தில்தான்.

2024 தேர்வில் ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16, நான்கு வாசிப்புப் பத்திகளிலிருந்து வந்தவை. பத்திக்கு ஏழரை நிமிடம் என்றால் 30 நிமிடம் போய்விடும். மீதி எட்டுக் கேள்விக்குப் பத்து நிமிடம். தமிழ் வழியில் படித்தவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் தமிழாக்கிப் பார்க்கிறார். ஒரு பத்திக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிடுகிறது, நான்காவது பத்தியைத் தொடவே முடிவதில்லை. வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்து இதைத் தீர்க்க முடியாது.

தினம் ஒரே ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் தலையங்கம் மட்டும் போதாது; தத்துவம், வரலாறு, அறிவியல் பற்றி எழுதும் ஏயான் போன்ற தளங்களின் கட்டுரைகள் தேர்வுப் பத்திகளின் சாயலில் இருக்கும். படித்து முடித்ததும் கட்டுரையை மூடிவிட்டு மூன்று வரி எழுதுங்கள்: எழுதியவர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார், எதை ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுக்கிறார். முதல் மாதம் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. இரண்டாவது வரிதான் தேர்வில் விடையாக வரும். பத்தியில் இருக்கிற ஓர் உண்மையை அப்படியே சொல்லும் தெரிவைப் பார்த்ததும் டிக் அடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அது உண்மையாக இருக்கலாம், கேட்ட கேள்விக்கு விடையாக இருக்காது. ஐந்தாறு மாதத்தில் தமிழாக்கும் பழக்கம் தானாகவே உதிரும். இதற்குக் குறுக்கு வழி இல்லை என்பதால்தான் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கச் சொல்கிறோம்.

தரவு-தர்க்கப் பகுதியில் 2024-ல் ஐந்து கேள்வித் தொகுப்புகள் வந்தன. முதல் நான்கைந்து நிமிடம் எதையும் போடாமல் ஐந்தையும் படித்து இரண்டைத் தேர்ந்தெடுப்பதே திறமை. முதலில் கண்ணில் பட்டதில் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டால் அந்தப் பகுதி முடிந்தது. இரண்டு மணி நேர மாக் ஒன்றுக்கு மூன்று நான்கு மணி நேர அலசல் வேண்டும். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் "தெரியாதது", "தெரிந்தும் தவறியது", "தொட்டிருக்கவே கூடாதது" என்று மூன்று பட்டியலாகப் பிரித்து எழுதுங்கள். பத்து மாக்குக்குப் பிறகு மூன்றாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும்.

கோச்சிங்கைப் பொறுத்தவரை, சென்னையில் விடுதி எடுத்துத் தங்கும் செலவு கல்லூரி மாணவருக்குத் தேவையில்லை. பாடத்துக்கு ஆன்லைன் போதும். மாக் தொடர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூட இரண்டு பேர் சேர்ந்து படிக்க ஆள் இல்லாதவர் மட்டும் திருச்சியில் வார இறுதி வகுப்புக்குப் போகலாம்.

நேர்முகத்துக்கு ஊரே பாடம்

நேர்முகங்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். இங்கே சம்பா அறுவடை நேரம். "தஞ்சாவூரா? சரி, நெல்லை ஏன் சாலையில் கொட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள்?" என்று கேட்டால், "அரசாங்கம் சரியில்லை சார்" என்பது பதிலாகாது.

பக்கத்தில் இருக்கிற நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு நோட்டோடு போய் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையோடு பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒன்று பொது ரகத்தில் சரியாக ஆயிரம் ரூபாய். ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். காலையிலிருந்து மாலை வரை மூன்று எண்களை மணிக்கொரு முறை எழுதுங்கள்: வந்த மூட்டை, எடை போட்ட மூட்டை, லாரியில் ஏறிப் போன மூட்டை. எடை போட்டது ஏறிப் போனதைவிட அதிகமாகிக்கொண்டே போனால், அடுக்கிவைக்க இடமின்றி ஒரு கட்டத்தில் எடை போடுவதும் நின்றுவிடும். நெருக்கடி தராசிலா, சாக்கிலா, லாரியிலா, ஈரத்திலா என்று அந்தத் தாளே சொல்லும். காத்திருக்கும் நூறு மூட்டை என்றால் ஒரு விவசாயியின் லட்ச ரூபாய் வெயிலில் கிடக்கிறது, அதற்குக் கடன் வட்டி ஓடுகிறது. இதைச் சொந்த எண்களோடு சொல்லும் பி.காம். மாணவரை எந்தக் குழுவும் கவனித்துக் கேட்கும். கூடவே மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 ஏன் முக்கியம், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கான காவிரி நீரை 192-லிருந்து 177.25 டிஎம்சி ஆக்கியது எதனால் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பணமும் சான்றிதழும்

பெரிய ஐஐஎம்களில் இரண்டு வருடக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. நிலத்தை அடகு வைக்க வேண்டும் என்று வீட்டில் பயப்படத் தேவையில்லை. ஐஐஎம் போன்ற நிறுவனங்களுக்கு எஸ்பிஐ-யின் ஸ்காலர் கடன் போன்றவை பிணையின்றிக் கிடைக்கின்றன. 20 லட்சத்தை 9 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 25,300 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் 20,300. படிக்கும் காலத்து வட்டி இதற்கு மேல் சேரும். பட்டியலில் உள்ள ஐந்தாறு கல்லூரிகளை முடிவு செய்யும்போது, முடித்தவர்கள் வாங்கும் நடுத்தரச் சம்பளம் இந்தத் தவணையைத் தாங்குமா என்று பாருங்கள். விளம்பரத்தில் வரும் உச்சச் சம்பளத்தை விட்டுவிடுங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், ஐஐஎம், என்ஐடி போன்றவற்றில் படிக்கத் தமிழக அரசு ஆண்டுக்கு 2 லட்சம் வரை தருகிறது. எஸ்சி மாணவர்களுக்கு மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகை இருக்கிறது; வருமான வரம்பு 8 லட்சம்.

27 சதவீத ஒபிசி ஒதுக்கீட்டுக்கு நம் ஊர் சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். கிரீமி லேயருக்கான 8 லட்ச வருமான வரம்பைப் பார்த்து "நமக்குக் கிடைக்காது" என்று விட்டுவிடும் விவசாயக் குடும்பங்கள் உண்டு. விவசாய வருமானமும் சம்பளமும் அந்தக் கணக்கில் சேராது. ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

தேர்வு நாள் பற்றி ஒன்று. நவம்பர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழையின் உச்சம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. ஒன்பது நாள் கழித்து, 25-ம் தேதி கேட். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் அப்போதும் கரன்ட் வந்திருக்கவில்லை. மையத்துக்குத் திருச்சியை முதல் விருப்பமாகக் கொடுங்கள். காலைப் பிரிவு எட்டரைக்குத் தொடங்கும், அதற்குக் கால் மணி முன்பே வாசல் அடைத்துவிடும். மயிலாடுதுறையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ விடியற்காலை பஸ்ஸை நம்பிக் கிளம்பக் கூடாது. சனிக்கிழமை மதியமே திருச்சி போய்ச் சேர்ந்து, மையம் எங்கே என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, ஹால் டிக்கெட்டை இரண்டு பிரதி எடுத்து, அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.